ஓட்டை வத்தை: பழுதான கேமைச் சரிசெய்தே கோடிங் கற்றுக்கொடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் எல்லாம் நங்கூரம் போட்டு நிற்கும், பள்ளிக்கூடமும் பெரும்பாலும் லீவு, வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது செல்போனில் கேம் விளையாடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு கேம் எப்படி உருவாகிறது என்று காட்டிக்கொடுக்க நினைக்கிற அக்கா, அண்ணன், டியூஷன் எடுப்பவர், ஆசிரியர் யாராக இருந்தாலும் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். உங்களுக்கே கோடிங் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வாரம் சாயங்காலம் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்கு முன்னால் நீங்கள் தயாராகிவிடலாம்.

வழக்கமாக எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? காலித் திரையைக் காட்டி "இதுதான் லூப், இதுதான் வேரியபிள்" என்று ஆரம்பிப்பார்கள். (லூப் என்றால் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வது, வேரியபிள் என்றால் ஓர் எண்ணையோ சொல்லையோ பெயர் ஒட்டிப் போட்டுவைக்கிற டப்பா.) பிள்ளைக்கு லூப் எதற்கு என்றே தெரியாது, ஏனென்றால் லூப் இல்லாமல் என்ன கெட்டுப்போகும் என்று அது பார்த்ததில்லை. அதனால் நாம் தலைகீழாகப் போகிறோம். ஒரு வத்தை (சின்ன நாட்டுப்படகு) மீன் பிடிக்கிற கேமை முழுசாகச் செய்து, தெரிந்தே ஆறு இடத்தில் உடைத்து (ஒவ்வோர் உடைசலும் ஓர் ஓட்டை), அந்த உடைந்த கேமைப் பிள்ளையிடம் கொடுக்கிறோம். விளையாட வேண்டுமென்றால் உள்ளே திறந்து சரிசெய்தாக வேண்டும். சரிசெய்வதுதான் விளையாட்டே. எந்த உடைசல் எந்தப் பாடத்தைக் கொண்டுவரும் என்று யோசித்து உடைப்பதில்தான் நம் வேலை முழுவதும் இருக்கிறது.

இந்த யோசனைக்கு வேர் பழையது. 1967-ல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோய்ர்சைக் ஆகியோர் குழந்தைகளுக்காக உருவாக்கிய லோகோ மொழியிலேயே, தப்பாக ஓடுகிற நிரலைப் பிள்ளையே தேடித் திருத்துவதைக் கற்றலின் மையமாக வைத்திருந்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் எம்ஐடி மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக் குழு 2007-ல் வெளியிட்ட ஸ்க்ராட்ச். கட்டளைகளை எழுதாமல் பிளாக்குகளாக இழுத்து ஒட்டுகிற இதைத்தான் நாமும் பயன்படுத்தப்போகிறோம். கேமின் விதிகளையே விளையாடுபவர் மாற்றுகிற கேம்களும் வந்துவிட்டன. பின்லாந்துக்காரர் ஆர்வி டெய்காரி 2019-ல் வெளியிட்ட 'பாபா இஸ் யூ'வில் விதிகள் எல்லாம் திரையில் சொற்களாகக் கிடக்கும், அவற்றைத் தள்ளி இடம் மாற்றினால் விதி மாறும். நாம் செய்யப்போவது அவ்வளவு பெரிதில்லை. ஆனால் இது நம் கடலில் நடக்கும், அதனால் எது தப்பு என்று நம் பிள்ளைகளுக்குக் கண்ணில் படும்.

என்னென்ன வேண்டும்

ஒரு கம்ப்யூட்டர் அல்லது மடிக்கணினி போதும். அக்காவோ அண்ணனோ பள்ளியில் வாங்கிய விலையில்லா மடிக்கணினி வீட்டில் கிடந்தால் அதைத் தூசி தட்டி எடுங்கள். விண்டோஸ் 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஸ்க்ராட்ச் தளத்திலிருந்து ஆஃப்லைன் செயலியை ஒருமுறை இறக்கிக்கொள்ளுங்கள், போன் ஹாட்ஸ்பாட் போதும், அதன்பிறகு இன்டர்நெட்டே வேண்டாம். லினக்ஸ் மட்டும் இருக்கிறது என்றால் டர்போவார்ப் டெஸ்க்டாப் போடுங்கள். அதே ஸ்க்ராட்ச் கோப்பு அதிலும் திறக்கும். ஒரு வித்தியாசம் மட்டும் நினைவிருக்கட்டும்: ஸ்க்ராட்சில் கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணை மாற்றினால் அந்த நொடியே திரையில் தெரியும், டர்போவார்ப்பில் நிறுத்திவிட்டு, கேமைத் தொடங்குகிற பச்சைக் கொடியை மறுபடி அழுத்த வேண்டும்.

ஆஃப்லைன் செயலி தானாகச் சேமிக்காது. நம் ஊர் கரண்ட்டையும் பழைய பேட்டரியையும் நம்பாமல் அடிக்கடி சேமித்து, ஒரு பென்டிரைவில் காப்பியும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: கேமை முழுசாகச் செய்வது

உடைப்பதற்கு முன்னால் ஓடுகிற ஒன்று வேண்டும். இதைப் பிள்ளைகள் இல்லாத நேரத்தில் நீங்கள் செய்துவிடுங்கள்.

ஸ்க்ராட்ச் மேடை 480க்கு 360. நடுப்புள்ளி சைபர், சைபர். வலது ஓரம் எக்ஸ் 240, இடது ஓரம் −240, மேலே ஒய் 180, கீழே −180. மேல் பக்கத்தை வடக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னணியில் நீலத்தைப் பூசி, மேலே ஒய் 130 பக்கம் பாம்பன் ரயில் பாலத்தை இடவலமாக ஒரு பட்டையாக வரைந்து, நடுவில் மட்டும் இடைவெளி விடுங்கள். அந்த நடுப்பாகம் தனி ஸ்ப்ரைட்டாக (மேடையில் தனியாக நகரக்கூடிய படம்) வரும். ஆக நாம் பாலத்துக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவில் இருக்கிறோம். திசையைக் காகிதத்திலும் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள், பின்னால் காற்று வரும்போது இது உயிர்.

வத்தை ஸ்ப்ரைட்டை நீங்களே வரையுங்கள், கோணலாக இருந்தாலும் சரி. அதற்கான கோடு (நிரல்): பச்சைக் கொடி அழுத்தியதும் எக்ஸ் 0, ஒய் −50-க்குப் போ. அப்புறம் ஒரு ஃபாரெவர் (உள்ளே இருப்பதை நிறுத்தாமல் திரும்பத் திரும்பச் செய்கிற லூப் பிளாக்). அதற்குள் நாலு 'இஃப் தென்' (இப்படி இருந்தால் இதைச் செய்): வலது அம்பு அழுத்தியிருந்தால் எக்ஸை 4 கூட்டு, இடது என்றால் −4, மேல் என்றால் ஒய்யை 4, கீழ் என்றால் −4. அதே ஃபாரெவருக்குள் கடைசியாக இரண்டு வரி: எக்ஸை 'கிழக்குத் தள்ளு' அளவுக்கு மாற்று, ஒய்யை 'வடக்குத் தள்ளு' அளவுக்கு மாற்று. இந்த இரண்டும் நீங்கள் உண்டாக்க வேண்டிய வேரியபிள்கள். பிளாக்குகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் வேரியபிள், ஸ்ப்ரைட், செய்தி, குறிப்பு எல்லாவற்றுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம், வையுங்கள்.

மீன் ஸ்ப்ரைட்: கொடி அழுத்தியதும் 'பாடு' (பிடித்த மீன் கணக்கு) என்ற வேரியபிளை 0 ஆக்கு. பிறகு ஃபாரெவருக்குள், எக்ஸ் 220, ஒய் −150-லிருந்து 90-க்குள் ஏதோ ஓர் இடத்துக்குப் போ (பிக் ரேண்டம் பிளாக்), பிறகு எக்ஸ் −220-க்குக் கீழே போகும்வரை ஒவ்வொரு முறையும் எக்ஸை −3 மாற்று, வத்தையைத் தொட்டால் பாட்டில் 1 கூட்டிவிட்டு உடனே வலது ஓரத்துக்குத் திரும்பிப் போ. அந்த 'உடனே திரும்பிப் போ' வரியை ஞாபகம் வைத்திருங்கள்.

காற்று மேடையின் கோடில் இருக்கட்டும். கொடி அழுத்தியதும் இரண்டு தள்ளு வேரியபிளும் 0. 'ஓட்டை' (பிள்ளை எத்தனையாவது ஓட்டையில் இருக்கிறது என்ற எண்) என்ற வேரியபிள் 4-ஐத் தாண்டும்வரை காத்திரு. பிறகு ஃபாரெவர்: 'காற்று' என்ற வேரியபிளை 'வாடை' ஆக்கு, வடக்குத் தள்ளு −1, கிழக்குத் தள்ளு 0, ஐந்து விநாடி பொறு, காற்றை 'கச்சான்' ஆக்கு, வடக்குத் தள்ளு 0, கிழக்குத் தள்ளு 1, ஐந்து விநாடி பொறு. வாடை வடக்கிலிருந்து வருவதால் வத்தையைத் தெற்கே தள்ளும், அதனால் கழித்தல். கச்சான் மேற்கிலிருந்து கிழக்கே தள்ளும், அதனால் கூட்டல். 'காற்று' வேரியபிள் மேடையில் தெரிகிற மாதிரி அதன் பக்கத்துக் கட்டத்தில் டிக் போட்டுவிடுங்கள்.

பாலத்தின் நடுப்பாகம் கொடி அழுத்தியதும் எக்ஸ் 0, ஒய் 130-க்கு வரட்டும். 'பாலத்தைத் தூக்கு' என்ற செய்தி வந்தால் நாற்பது முறை ஒய்யை 1 கூட்டட்டும். கப்பல் ஸ்ப்ரைட் முதலில் மறைந்திருந்து, ஓட்டை 6 ஆனதும் தெற்கு ஓரத்தில் தோன்றி, பாலத்துக்குக் கீழே ஒய் 80 வரை வந்து, 'பாலத்தைத் தூக்கு' என்று ப்ராட்காஸ்ட் அண்டு வெயிட் (செய்தியை அனுப்பி, கேட்டவர் வேலை முடியும்வரை பொறு) செய்துவிட்டு வடக்கே போகட்டும். கப்பல் எதற்கு, வத்தையே பாலத்தைத் தாண்டட்டுமே என்று தோன்றலாம். வேண்டாம். வத்தைக்கு எதற்குப் பாலத்தைத் தூக்க வேண்டும் என்று பாம்பன் பிள்ளை முதல் நொடியில் கேட்டுவிடும், அதோடு கேம் மேல் நம்பிக்கை போய்விடும்.

ஓட்டிப் பாருங்கள். ஓட்டை வேரியபிளைக் கையால் 7 என்று வைத்தால் காற்று அடிக்கும், மீன் பிடிபடும். கப்பல் தாண்டுவதைப் பார்க்க 6 வையுங்கள். எல்லாம் சரி என்றால் 'முழுசு' என்ற பெயரில் சேமித்துவிடுங்கள். இந்தக் கோப்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

சம்மாட்டி

கேமைச் சரிசெய்தாயிற்றா இல்லையா என்று யார் சொல்வது? நீங்கள் சொன்னால் அது பரீட்சை ஆகிவிடும். அதற்குத்தான் கரையோரம் ஒரு சம்மாட்டி ஸ்ப்ரைட். வத்தைக்கு அவர்தான் முதலாளி, குறை சொல்வதும் அவர்தான், அடைத்துவிட்டால் அடுத்த ஓட்டைக்குப் போகச் சொல்வதும் அவர்தான்.

அவருடைய கோடு நீளமாக இருக்கும், ஆனால் ஒரே மாதிரி. ஓட்டை 1 என்றால் முதல் குறையைச் சொல், 'வெயிட் அன்டில்' போட்டு வத்தையின் எக்ஸ் 100-ஐத் தாண்டும்வரை காத்திரு, தாண்டியதும் ஓட்டையை 2 ஆக்கு. ஓட்டை 2 என்றால் அடுத்த குறை, வத்தையின் எக்ஸ் −150-க்குக் கீழே போகும்வரை காத்திரு. வேறொரு ஸ்ப்ரைட்டின் எக்ஸ், ஒய்யைப் படிக்க சென்சிங் பகுதியில் கீழே ஒரு பிளாக் இருக்கிறது, அதில் பெயரையும் எதைப் படிக்க வேண்டும் என்பதையும் தேர்ந்தெடுக்கலாம்.

ஓட்டை வேரியபிளை எந்த இடத்திலும் கொடி அழுத்தியதும் 1 ஆக்கிவிடாதீர்கள். ஸ்க்ராட்சில் வேரியபிளின் மதிப்பு கேமை நிறுத்தினாலும் அழியாது, கோப்போடு சேர்ந்தே சேமிக்கப்படும். நேற்று மூன்றாவது ஓட்டையில் விட்ட பிள்ளை இன்றைக்கு அங்கிருந்தே தொடர இது உதவுகிறது. இதே குணம்தான் நாலாவது ஓட்டையில் தொல்லையாக வரப்போகிறது, பிள்ளை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்.

நான்காம் ஓட்டை வரை காற்றை நிறுத்தி வைத்ததற்குக் காரணமும் சம்மாட்டிதான். காற்று அடித்தால் அதுவே வத்தையைத் தள்ளி 100-க்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும், ஓட்டை அடைபட்டது என்று அவர் ஏமாந்துவிடுவார்.

குறையை எப்படி எழுதுவது என்பது முக்கியம். "ஃபாரெவர் இல்லை" என்று எழுதினால் பாடம் முடிந்தது. கரையில் நின்று பார்க்கிற மனுசன் கண்ணுக்கு எது தெரியுமோ அதை மட்டும் சொல்லட்டும்: "என்னடா, கட்டிப் போட்ட மாதிரி நிக்குது?"

இப்போது உடையுங்கள்

'முழுசு' கோப்பைக் காப்பி எடுத்து 'ஓட்டை வத்தை' என்று பெயர் வையுங்கள். ஓட்டை வேரியபிளை 1 ஆக்குங்கள். இனி ஒவ்வொன்றாக.

முதல் ஓட்டை: வத்தையின் கோடில் ஃபாரெவரைக் கழற்றிவிட்டு, உள்ளே இருந்த பிளாக்குகளை நேரடியாகக் கொடிக்குக் கீழே ஒட்டுங்கள். கழற்றிய ஃபாரெவரைக் குப்பையில் போடாமல் பக்கத்திலேயே போட்டுவையுங்கள். கம்ப்யூட்டர் கொடி அழுத்திய நொடியில் ஒரே ஒருமுறை "அம்பு அழுத்தியிருக்கா?" என்று பார்த்துவிட்டுத் தூங்கிவிடும். பிள்ளை அம்பை எவ்வளவு அழுத்தினாலும் வத்தை அசையாது. பக்கத்தில் கிடக்கிற ஃபாரெவரை எடுத்துச் சுற்றிப் போட்டதும் ஓடும். முதல் வெற்றி சீக்கிரம் கிடைக்கட்டும் என்றுதான் இதை எளிதாக வைத்திருக்கிறோம்.

இரண்டாவது: இடது அம்புக்கு −4 என்பதை 4 ஆக்குங்கள். சம்மாட்டி: "இடது பக்கம் போன்னா வலது பக்கம் போறியே!" இதுவும் எளிது.

மூன்றாவது எனக்கு ரொம்பப் பிடித்தது. மீன் கோடில் பாட்டைக் கூட்டியபின் வருகிற 'உடனே திரும்பிப் போ' வரியை எடுத்து, இந்த முறை குப்பையிலேயே போட்டுவிடுங்கள். விளையாடிப் பார்த்தால் ஒரே ஒரு மீன் வத்தையைத் தொடும், பாடு மளமளவென்று முப்பது பக்கம் ஏறிவிடும். முதலில் பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள், "ஒரு மீன்ல முப்பது கிடைக்குது, விடுங்க அக்கா" என்பார்கள். விடுங்கள், சம்மாட்டி விடமாட்டார்: "ஒரு மீனை முப்பது தடவை எண்ணி ஏலக்காரன்கிட்டக் கொடுத்தா காசு தருவானா?" ஏன் முப்பது? ஸ்க்ராட்ச் இந்த மாதிரி லூப்பை விநாடிக்கு முப்பது முறை ஓட்டுகிறது. மீன் வத்தையைக் கடந்து போக ஏறக்குறைய ஒரு விநாடி. அந்த ஒரு விநாடி முழுக்க "தொடுதா? தொடுது, ஒன்று கூட்டு" என்று கம்ப்யூட்டர் முப்பது முறை எண்ணிவிட்டது. மீனின் வேகம் −3 என்பதை −6 ஆக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பாடு ஏறக்குறைய பதினைந்தில் நின்றுவிடும். ஏன் பாதியானது என்று பிள்ளை தானாகச் சொல்கிற நிமிடத்துக்காக எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். லூப் என்பது என்ன, கம்ப்யூட்டருக்கு "ஒரு தடவை" என்பது நமக்கு இருக்கிற மாதிரி இல்லை என்பதெல்லாம் இங்கேதான் உறைக்கும். சம்மாட்டியின் சோதனை: இப்போதைய பாட்டைக் குறித்துக்கொள், பாடு அதைத் தாண்டும்வரை காத்திரு, ஒரு விநாடி பொறு, கூடியது 3-க்குக் கீழே இருந்தால் ஓட்டை அடைபட்டது.

நான்காவது: மீன் கோடில் பாட்டை 0 ஆக்குகிற வரியை எடுத்துவிடுங்கள். புதிதாக ஆரம்பித்தாலும் பழைய பாடு அப்படியே நிற்கும். "நேத்துப் பிடிச்ச மீனு இன்னைக்கும் கணக்குல இருக்கே?" என்பார் சம்மாட்டி. மூன்றாவதை முடித்த கையோடு பாட்டில் ஏதோ ஓர் எண் நிச்சயம் நிற்கும் என்பதால் இது தானாகவே அகப்படும். சோதனைக்கு, கொடி அழுத்தி அரை விநாடி கழித்துப் பாடு 0-வா என்று பார்த்தால் போதும்.

ஐந்தாவதுதான் காற்று. வாடைக்கு −1 என்பதை 1 ஆக்குங்கள், அவ்வளவே. சம்மாட்டியின் குறையை இங்கே மட்டும் குறைத்துச் சொல்லுங்கள்: "காத்து சரியில்லையே." எந்தக் காற்று, என்ன சரியில்லை என்று சொல்ல வேண்டாம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லவும் தேவைப்படாது. எங்கள் பக்கம் ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பையன், அதுவரை மௌஸைத் தொடவே கூச்சப்பட்டவன், திரையைப் பார்த்ததும் சொன்னான்: "அக்கா, வாடைன்னு போட்டிருக்கு, வத்தை பாலத்தைப் பாத்துப் போகுது. வாடைக்கு அது குந்துகால் பக்கம்ல ஒதுங்கணும்?" (குந்துகால் பாலத்துக்குத் தெற்கே.) பிறகு அவனே போய் 1-க்கு முன்னால் கழித்தல் குறி போட்டான். வகுப்பில் எதிர்ம எண் என்றாலே பயப்படுகிற பிள்ளை அவன். பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த அவனுடைய தாத்தாவும் எழுந்து வந்து பார்த்துவிட்டு, "கச்சானுக்கு ஒண்ணு பத்தாதுடா, ரெண்டு வை" என்றார். வைத்தான். கச்சான் அடிக்கும்போது வத்தையைப் பிடித்து நிறுத்துவது கஷ்டமாகிவிட்டது, கேம் முன்னைவிட நன்றாகவும் ஆகிவிட்டது. இப்படி யாராவது பெரியவர் வந்து உட்கார்ந்தால் தடுக்காதீர்கள். காற்றின் பெயரும் திசையும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, மூக்கையூர் எங்கே இருந்தாலும் உங்கள் கரையில் சொல்கிற பெயரையே போடுங்கள், கொண்டல், சோளகம் எல்லாவற்றையும் சேருங்கள். இதற்கான சோதனை எளிது: காற்று 'வாடை' ஆகி, வடக்குத் தள்ளும் 0-க்குக் கீழே போகும்வரை காத்திரு.

ஆறாவது பாலம். கப்பல் அனுப்புகிற செய்தி 'பாலத்தைத் தூக்கு'. நடுப்பாகத்தின் 'வென் ஐ ரிசீவ்' பிளாக்கில் புதிதாக 'பாலத்தை தூக்கு' என்று ஒரு த் இல்லாமல் இன்னொரு செய்தியை உண்டாக்கி அதை வைத்துவிடுங்கள். கம்ப்யூட்டருக்கு இரண்டும் வேறு வேறு. கேட்க ஆள் இல்லாத செய்திக்காக யாரும் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் கப்பல் நேராகப் பாலத்துக்குள் புகுந்துவிடும். சோதனை, நடுப்பாகத்தின் ஒய் 150-ஐத் தாண்டியதா என்பது. இந்த ஓட்டை வரும்போது நிஜப் பாலத்தைப் பற்றியும் பேசுங்கள். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் இரண்டு பாதியும் இரு பக்கமாகத் தூக்கித் திறந்தன, ஆட்கள் நின்று கையால் இயக்கினார்கள். 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீள நடுப்பாகம் அப்படியே நேராக 17 மீட்டர் வரை மேலே போகும். இரண்டில் எதுவானாலும் கப்பல்காரர் ஒரு பக்கம், பாலத்தை இயக்குபவர் ஒரு பக்கம். ஒருவர் சொன்னது இன்னொருவருக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வேலை நடக்கும். ப்ராட்காஸ்ட் பிளாக் அந்த வேலையைத்தான் செய்கிறது. ஆர்வமுள்ள பிள்ளை இருந்தால் பழைய பாலம் மாதிரி இரண்டு பாதி ஸ்ப்ரைட் வைத்து, 'டர்ன்' பிளாக்கால் ஒன்றை இடது பக்கமும் ஒன்றை வலது பக்கமும் சாய்க்கச் சொல்லுங்கள். ஒரே செய்தியை இரண்டு பேர் கேட்கலாம் என்பதும் அப்போது புரியும்.

பிள்ளைகள் உட்கார்ந்ததும்

ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர் சரி. ஒருவர் கையில் மௌஸ், இன்னொருவர் வாயால் மட்டும் சொல்ல வேண்டும், தொடக் கூடாது. ஒவ்வொரு ஓட்டை அடைபட்டதும் இடம் மாறிக்கொள்ளட்டும். இல்லையென்றால் வீட்டில் மடிக்கணினி இருக்கிற பிள்ளையே கடைசிவரை மௌஸைப் பிடித்துக்கொண்டிருக்கும், பெரும்பாலும் பையன்களே பிடித்துக்கொள்வார்கள், இதில் கண்டிப்பாக இருங்கள்.

நீங்கள் மௌஸைத் தொடாதீர்கள். இதுதான் மொத்தத்திலும் கஷ்டமான வேலை. பிள்ளை தப்பான பிளாக்கை இழுத்துக்கொண்டு போகும்போது கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் கொடி அழுத்துவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி: "இப்ப என்ன நடக்கும்னு நினைக்கிற?" பதில் சொன்னபிறகே அழுத்த வேண்டும். சொன்னது ஒன்று, நடந்தது ஒன்று என்றால் அந்த இடைவெளியில்தான் பிழை ஒளிந்திருக்கிறது.

ரொம்ப நேரம் மாட்டிக்கொண்டால் கோடின் காலி இடத்தில் வலது கிளிக் செய்து ஒரு குறிப்பு ஒட்டுங்கள். அதிலும் விடை இருக்கக் கூடாது, எங்கே பார்க்கலாம் என்று மட்டும் இருக்கட்டும்: "மீன் தொட்டதுக்கு அப்புறம் எங்க போகுது?" கடிகாரம், தண்ணீர் ஏறி வத்தை மூழ்குவது மாதிரி அவசரப்படுத்துகிற விஷயம் எதையும் சேர்க்காதீர்கள். யோசிக்கிற பிள்ளையின் தலைக்கு மேல் கடிகாரம் ஓடினால் அது கண்டபடி பிளாக்குகளை மாற்றத்தான் கற்றுக்கொள்ளும்.

ஏழாவது: ஆவுளியா

ஆறும் முடிந்தபிறகு கடலில் ஓர் ஆவுளியா (கடல் பசு) மெல்ல நீந்திப் போகட்டும். அதற்கு நகர்கிற கோடு மட்டும் இருக்கும், வத்தை தொட்டால் என்ன நடக்கும் என்று எதுவும் எழுதியிருக்காது. சம்மாட்டியும் இந்த முறை குறை சொல்லமாட்டார், "இது வலையில வந்தா என்ன செய்யணும்? நீயே எழுது" என்று மட்டும் கேட்பார். சோதனை கிடையாது.

இதுவரை பிள்ளை அடுத்தவர் போட்ட விதியைச் சரிசெய்தது, இப்போது தானே விதி போடுகிறது. ஆவுளியா 1972 வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, பிடிக்கக் கூடாது என்று நம் கரையில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் கேமில் அதை எப்படிச் சொல்வது? பாட்டைக் குறைப்பதா? வத்தையைக் கொஞ்ச நேரம் நிறுத்துவதா? ஒரு பிள்ளை, தொட்டால் பாடு மொத்தமும் சைபர் என்று வைத்தாள், விளையாடிப் பார்த்த மற்றவர்கள் இது அநியாயம் என்று சண்டைக்கு வந்தார்கள், கடைசியில் ஸ்பேஸ் பட்டனை அழுத்தி வலையை அறுத்து விட்டால் பாட்டில் ஐந்து கூடும், விடாவிட்டால் பத்து குறையும் என்று பேசி முடித்தார்கள். கோடாக அது இரண்டு இஃப் தென். அந்தச் சண்டைதான் கேம் டிசைன். அதே முறையில் கடல் அட்டையையும் சேர்க்கலாம், அதுவும் 2001 முதல் அதே அட்டவணையில் உள்ளது.

அடுத்து பிள்ளைகளே உடைக்கட்டும்

கேம் நன்றாக ஓட ஆரம்பித்ததும் அவரவர் கோப்பைக் காப்பி எடுத்து, இன்னொருவருக்காக உடைக்கச் சொல்லுங்கள். மூன்று நிபந்தனை. ஓர் இடத்தில் மட்டும் உடைக்க வேண்டும். சம்மாட்டி பேசுகிற மாதிரி குறையை எழுத வேண்டும். எப்படிச் சரிசெய்வது என்று உடைத்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவதை விட்டுக்கொடுக்காதீர்கள், இல்லாவிட்டால் பத்து பிளாக்கை அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுக் கண்டுபிடி என்பார்கள். மீன் எப்போதும் ஒரே உயரத்தில் வருவது, ஃபாரெவருக்குள் இருக்க வேண்டிய வரி வெளியே நிற்பது, பெரிது என்று இருக்க வேண்டிய குறி சிறிது என்று இருப்பது, இப்படி நாம் யோசிக்காத உடைசல் எல்லாம் வரும். நல்லவற்றைப் பெயர் போட்டு எடுத்துவையுங்கள், அடுத்த கூட்டத்துக்கு உங்கள் கேமே அதுதான்.

கோப்பை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்ட்டாக அனுப்பலாம். போனில் அம்பு விசை கிடையாது, அதனால் போனுக்கான காப்பியில் வத்தையின் நாலு இஃப் பிளாக்கையும் எடுத்துவிட்டு, ஃபாரெவருக்குள் 'பாயிண்ட் டுவர்ட்ஸ் மௌஸ்-பாயிண்டர்', 'மூவ் 4 ஸ்டெப்ஸ்' இரண்டையும் போட்டால் விரல் வைத்த பக்கம் வத்தை வரும். சின்னத் திரையில் கோடைத் திருத்துவது கொடுமை, விளையாட மட்டும் போன். ஸ்க்ராட்ச் தளத்தில் ஏற்றுவதாக இருந்தால் பிள்ளையின் உண்மைப் பெயரும் ஊர் பெயரும் பயனர் பெயரில் வேண்டாம்.

எழுத்தில் கோடு எழுத ஆசைப்பட்டால்

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சீக்கிரமே "இது சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம், நிஜக் கோடு எப்ப?" என்று கேட்பார்கள். அவர்களுக்குப் பைத்தான் என்ற நிரல் மொழியும் அதில் கேம் செய்ய உதவுகிற பைகேமும் போதும். புதுக் கேம் எதுவும் ஆரம்பிக்காதீர்கள், இதே வத்தையைத்தான் மறுபடி செய்ய வேண்டும். ஃபாரெவர் என்பது 'வைல் ட்ரூ' ஆகும், இஃப் இஃப்பாகவே இருக்கும், பாடு அதே பாடு. ஸ்க்ராட்ச் சொல்லாமல் செய்துகொடுத்த வேலைகள் மட்டும் இப்போது நம் தலையில் விழும்: ஒவ்வொரு சுற்றிலும் திரையைத் துடைத்து மறுபடி வரைவது, விநாடிக்கு முப்பது சுற்று என்று நாமே 'க்ளாக் டிக்' போட்டு நிதானப்படுத்துவது. அதைப் போடாமல் ஓட்டினால் மீன் கண்ணிமைக்கும் நேரத்தில் கடலைத் தாண்டிவிடும், அதையும் ஓர் ஓட்டையாகவே வையுங்கள்.

காற்றில் ஒரு புது வேலை காத்திருக்கிறது. பைகேமில் சைபர் நடுவில் கிடையாது, இடது மேல் மூலையில் இருக்கிறது. ஒய் கீழே போகப்போகக் கூடும். ஸ்க்ராட்சில் −1 என்று சரியாக அடித்த வாடை, அதே எண்ணைப் பைத்தானில் போட்டால் வத்தையை மறுபடி பாலத்தின் பக்கம் தள்ளும். முன்கூட்டிச் சொல்லாதீர்கள். அப்படியே −1 போட்டு ஓட்டட்டும்.